என்பது ஐதீகம்

முதல்ல ஒரு வாக்குமூலம். எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு மார்க் வாங்குற ஒரு சப்ஜெக்ட், அவ்வளவுதான். அதனால இந்தக் கட்டுரையில எங்கேயாவது ஒற்று விட்டுப் போயிருந்தா, பழியை எடிட்டோரியல் டீம் மேல போட்டுடுங்க. இது கடைசி செமஸ்டர், என்னை இனிமே யாரும் பிடிக்க முடியாது.

நான் எழுதப் போறது ஒரே ஒரு சொல்லைப் பத்தி. ‘ஐதீகம்’. நீங்க இதை ஆயிரம் தடவை படிச்சிருப்பீங்க. பேப்பரோட ஆன்மிகப் பக்கத்தைத் திறந்தா, ரெண்டு பாராவுக்கு ஒரு தடவை "இங்கு வழிபட்டால் திருமணத் தடை நீங்கும் என்பது ஐதீகம்"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வாக்கியத்துல ‘ஐதீகம்’ என்ன வேலை செய்யுதுன்னு நான் யோசிச்சதே இல்ல. போன செமஸ்டர்ல ஒரு போஸ்டரால வீட்டுல திட்டு வாங்கின பிறகுதான் யோசிச்சேன்.

நடந்தது இதுதான். எங்க கிளப் சார்பா வடசென்னைப் பகுதியில ஒட்டுறதுக்கு ‘கேஸ் கசிஞ்சா என்ன செய்யணும்’னு ஒரு விழிப்புணர்வு போஸ்டர் தயார் பண்ணினோம். இங்கிலீஷ்ல டிசைன் ரெடி. இடது பக்கம் ‘மித்’, வலது பக்கம் ‘ஃபேக்ட்’. தமிழாக்கம் என் தலையில. காரணம், நான் மணலிக்காரி. ‘மித்’துக்குத் தமிழ்ல என்னன்னு தேடினேன். ‘தொன்மம்’னு வந்துச்சு. அப்படியே போட்டேன். டீம்ல ஒரு பொண்ணு பார்த்துட்டு, "தொன்மம் ஒண்ணு, தொன்மம் ரெண்டுன்னு என்னடி இது, தமிழ் செகண்ட் பேப்பர் மாதிரி இருக்கு"ன்னா. சரின்னு எல்லாத்தையும் அழிச்சிட்டு ‘கட்டுக்கதை’ன்னு மாத்தினேன். முதல் வரிசையில வந்தது: "கட்டுக்கதை: ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டால் போதும்."

ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். எங்க ஆயா நாலாவது வரைக்கும் படிச்சவங்க. எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படிச்சாங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "இத்த நாந்தானேடி சொன்னேன். நான் இன்னா கட்டுக்கதையா உட்டுங்கீறேன்?"

அவங்க கேட்டதுல நியாயம் இருந்துச்சு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்துல கடலுக்கு அடியில போற குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தூக்கத்துல இருந்த ஜனங்க கண் எரிஞ்சு, மூச்சு அடைச்சு, பிள்ளைங்களைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. 50 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. எங்க அத்தை வீடும் அந்தப் பக்கம்தான். அத்தை போன் பண்ணினப்போ எங்க வீட்டுல பேசினது ஆயாதான். "துண்ட நல்லா தண்ணில நனைச்சு பசங்க மூஞ்சில கட்டு, கெளம்பி வா." அத்தையும் ரெண்டு பசங்களும் ஈரத்துண்டோட ஆட்டோவுல வந்து இறங்கினதை நானே பார்த்திருக்கேன். அதைத்தான் ரெண்டு வருஷம் கழிச்சு ‘கட்டுக்கதை’ன்னு கொட்டை எழுத்துல அச்சடிச்சிருந்தேன்.

"உனக்கு இதை யார் ஆயா சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "யாரு சொன்னாங்கன்னா இன்னா சொல்றது? அப்பிடித்தான் சொல்லுவாங்க. கம்பெனிங்க வந்த காலத்துலருந்து சொல்றதுதான்." மணலியில எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சது 1969ல. அதை ஒட்டியே உர ஆலையும் மத்ததும் வந்துச்சு. அப்போ இந்த ‘சொல்லுவாங்க’வுக்கு அரை நூற்றாண்டு வயசு. முதல்ல சொன்னது யாருன்னு யாருக்கும் தெரியாது.

இப்போ சொல்லுக்கு வர்றேன். ஐதீகத்தோட மூலம் ‘ஐதிஹ்யம்’ங்கிற வடசொல். அதைப் பிரிச்சா உள்ள ‘இதி’, ‘ஹ’ன்னு ரெண்டு துண்டு இருக்கும். ‘இதி’ன்னா ‘இப்படி’. ‘ஹ’ங்கிறது அழுத்தத்துக்குச் சேர்க்கிற சின்ன அசை. சேர்த்துப் பார்த்தா ‘இப்படித்தானாம்’. ‘இதிகாசம்’ இதுக்கு அக்கா தங்கை. இதி, ஹ, ஆஸ: ‘இப்படித்தான் இருந்துச்சு’. அதாவது "அப்பிடித்தான் சொல்லுவாங்க"ன்னு ஆயா சொன்னாங்களே, அதுதான் ‘ஐதீகம்’ங்கிற சொல்லோட நேர்ப் பொருள். அகராதியை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சொல்லுக்குத் தமிழ்லயும் பெரிய வயசு. மணிமேகலையில, வஞ்சி மாநகரத்துல வேஷம் மாத்திக்கிட்டுப் போற மணிமேகலை, ஒவ்வொரு சமயக்காரர்கிட்டயும் "உங்க கொள்கை என்ன?"ன்னு கேட்டுக்கிட்டே வருவா. அவ முதல்ல பார்க்கிறது அளவைவாதியை. ‘அளவை’ன்னா ஒரு விஷயத்தை எப்படித் தெரிஞ்சுக்கிட்டோம்ங்கிறதுக்கான வழி. நம்ம பாஷையில, மெஷர்மென்ட் மெத்தட். கண்ணால பார்க்கிறது ஒரு அளவை. புகையைப் பார்த்து நெருப்பு இருக்குன்னு கருதுறது இன்னொண்ணு. அப்படி அவர் அடுக்குற பட்டியல்ல ‘ஐதிகம்’னு ஒண்ணும் இருக்கு. (அங்கே குறில் ‘தி’. இன்னிக்கு நாம நீட்டி எழுதறோம்.) அதுக்கு அவர் குடுக்கிற உதாரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: ‘இந்த மரத்துல ஒரு பேய் இருக்கு’ன்னு ஊர் சொல்றதை வெச்சுத் தெளியறது. சமஸ்கிருத தர்க்க நூல்கள்லயும் கிட்டத்தட்ட இதே உதாரணம்தான். அங்கே ஆலமரம், பேய்க்குப் பதிலா யட்சன்.

ஆக, ஐதீகம் முதல்ல ஒரு கதையோட பேர் இல்ல, சாமி சம்பந்தப்பட்ட சொல்லும் இல்ல. ஒரு தகவல் உங்ககிட்ட எந்த வழியா வந்துச்சுன்னு காட்டுற லேபிள். ‘முதல்ல சொன்ன ஆள் தெரியாது, ஆனா ஊர் முழுக்கச் சொல்லுது’ங்கிறதுதான் அந்த லேபிள்ல இருக்கிறது. அதை ஏத்துக்கலாமா வேணாமான்னு அந்தக் காலத்துலயே சண்டை. பத்து அளவை உண்டுன்னு வேதவியாசன், எட்டு போதும்னு கிருதகோடி, ஆறு போதும்னு சைமினின்னு மணிமேகலையே கணக்குச் சொல்லுது. நியாய தத்துவக்காரங்க இதைத் தனி அளவையாவே எடுத்துக்கல. நம்பிக்கையான ஆள் சொன்னா அது ‘சொல்’ங்கிற அளவைக்குள்ளயே அடங்கிடும், இல்லாட்டி அது அறிவே இல்லைன்னு முடிச்சுட்டாங்க. டேட்டா ஷீட்ல ‘சோர்ஸ் தெரியல’ன்னு வந்தா நம்ம வைவா எக்ஸாமினர் என்ன பண்ணுவாரோ, அதேதான்.

மரத்துல பேய்னதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது திருவொற்றியூர். எங்க வீட்டுலேருந்து பஸ்ஸுல போற தூரம். தியாகராஜர், வடிவுடையம்மன் கோயில்ல மகிழ மரம் ஒண்ணு இருக்கு. அங்கே மரத்தடியில இருந்தது பேய் இல்ல, சாமி.

கதை பெரியபுராணத்துல வருது. சேக்கிழார் எழுதினது, 12ஆம் நூற்றாண்டு. சுந்தரர் திருவொற்றியூருக்கு வர்றாரு. ஞாயிறுங்கிற ஊர்ல பிறந்த சங்கிலியார், கோயில்ல பூத்தொடுக்கிற தொண்டு செஞ்சுக்கிட்டு இருக்காங்க. (ஞாயிறு நமக்குப் பக்கத்து ஊர்தான், இன்னிக்கும் அதே பேரு.) சுந்தரருக்கு அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. ஏற்கெனவே திருவாரூர்ல பரவையார் இருக்காங்க. அதனால சங்கிலியார் ஒரு கண்டிஷன் போடுறாங்க: ‘உன்னைப் பிரிய மாட்டேன்’னு சாமி முன்னாடி சத்தியம் பண்ணணும். சுந்தரர் நம்மளை மாதிரியே யோசிக்கிறாரு. ஊர் ஊராப் போய்ப் பாடுற ஆள், எப்படி ஒரே இடத்துல இருக்கிறது? அதனால சாமிகிட்டயே டீல் பேசுறாரு: "நான் சத்தியம் பண்ண வர்றப்போ நீங்க சந்நிதியை விட்டுட்டு மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க." காலி சந்நிதி, செல்லாத சத்தியம். சாமி சரின்னுட்டு, சங்கிலியார் கனவுல போய், "அவன் சத்தியம் பண்ண வந்தா மகிழ மரத்தடியில பண்ணச் சொல்லு"ன்னு போட்டுக் குடுத்துடுறாரு. அக்ரிமென்ட்ல லூப்ஹோல் வெச்சவருக்கு அதே லூப்ஹோல்ல பூட்டு. வேற வழியில்லாம மரத்தடியில சத்தியம் பண்றாரு. கல்யாணமும் நடக்குது. அப்புறம் வசந்த காலத்துல ஆரூர் ஞாபகம் வந்து கிளம்புறாரு. ஊர் எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போயிடுது. வழியில திருவெண்பாக்கத்துல ஊன்றுகோல் கிடைக்குது, காஞ்சியில ஒரு கண், திருவாரூர்ல இன்னொரு கண்.

(அந்தத் திருவெண்பாக்கம் பழைய கோயில் பூண்டி ஏரி கட்டினப்போ தண்ணிக்குள்ள போயிடுச்சு. சாமியை எடுத்து வேற இடத்துல கோயில் கட்டினாங்க. அந்தப் பூண்டியிலேருந்து வர்ற கொசஸ்தலை ஆறுதான் கடைசியில நம்ம எண்ணூர்ல கடல்ல கலக்குது. சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கலாம்.)

இந்தக் கதையில எனக்கு முக்கியமாப் படுறது, இது இன்னும் புழக்கத்துல இருக்கிறதுதான். மாசி மாசத் திருவிழாவுல மகிழடி சேவைன்னு அந்தச் சத்தியத்தையும் கல்யாணத்தையும் திரும்ப நடத்துறாங்க. சுத்தியிருக்கிற ஊர்லேருந்து ஜனங்க வந்து பார்க்கிறாங்க. ‘இது ஹிஸ்டாரிக்கலா நடந்துச்சா’ன்னு அங்கே கேட்டா கேள்வியே யாருக்கும் புரியாது. ஏன்னா அந்தக் கதை அங்கே நிரூபணத்துக்காக நிக்கல. பொண்ணு பார்த்துக் கல்யாணம் பேசுறப்போ வார்த்தையில ஏமாத்து வைக்காதேன்னு சொல்லிக்கிட்டு நிக்குது. அதைக் ‘கட்டுக்கதை’ன்னு மொழிபெயர்த்தா தப்பு. ‘வரலாறு’ன்னு மொழிபெயர்த்தாலும் தப்பு.

அதே ஊர்ப் பேருக்கும் ஐதீகம் உண்டு. ஊழிக்காலத்துல பொங்கி வந்த கடலை ஒற்றித் தள்ளின இடம், அதனால ஒற்றியூர்ங்கிறது ஒண்ணு. ஒரு ராஜா அனுப்பின வரி ஓலையில, கணக்கர் கண்ணுக்கே தெரியாம வரிக்கு நடுவுல ‘ஒற்றியூர் நீங்கலாக’ன்னு சாமி எழுதிட்டார், அதனால அவருக்கு எழுத்தறியும் பெருமான்னு பேருங்கிறது இன்னொண்ணு. வரி விலக்குக்கு இதைவிட நல்ல கதை நான் கேட்டதில்ல. ஆனா கடல் விஷயத்துல நிஜம் தலைகீழ். சென்னைத் துறைமுகம் கட்டினதும், தெக்கேயிருந்து வடக்கே கடலோரமா நகர்ந்துக்கிட்டு இருந்த மணல் அங்கேயே தடுத்து நின்னுடுச்சு. தெக்கே மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரத்துலேருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. திருவொற்றியூர் கடற்கரையில நீங்க பார்க்கிற கருங்கல் குவியலும், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற கல் தடுப்புகளும் அதுக்காகத்தான். கடல் பின்வாங்கின ஊர்னு பேர் வெச்ச இடத்துல கடலை நிறுத்தக் கல்லைக் கொட்டிக்கிட்டு இருக்கோம்.

சரி, மத்த சொற்களையும் கொஞ்சம் பார்த்துடலாம். ‘புராணம்’னா பழையதுன்னு அர்த்தம். ஆனா "உன் புராணத்தை ஆரம்பிச்சுடாதே"ன்னா அது அறுவை. ‘தொன்மம்’ ஆராய்ச்சிக் கட்டுரைக்குச் சரியான சொல். தொல்காப்பியம் ‘தொன்மை’ன்னு ஒரு வனப்பைச் சொல்லுது, பழைய கதை பத்தினது. அந்த வேர்லேருந்து ‘மித்’துக்கு ஈடாத் தமிழ்ல நிலைச்ச சொல் ‘தொன்மம்’. ஆனா எங்க தெருவுல யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்ல. ‘ஐதீகம்’ பேச்சுலயும் இருக்கு, ஆனா கொஞ்சம் இடம் மாறி: "வெள்ளிக்கிழமை விளக்கு வெச்ச பிறகு காசு குடுக்கிறது எங்க வீட்டு ஐதீகம் இல்ல"ன்னா அங்கே வழக்கம்னு பொருள். மலையாளத்துல இது இன்னும் கதைன்னே இருக்கு. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த கேரளக் கதைகளுக்கு ‘ஐதிஹ்யமாலை’ன்னுதான் பேரு.

எனக்கு ஆச்சரியமா இருந்தது ‘வதந்தி’. சமஸ்கிருதத்துல ‘வதந்தி’ன்னா ‘சொல்றாங்க’. அவ்வளவுதான்! ஐதீகம்னா ‘இப்படித்தானாம்’, வதந்தின்னா ‘சொல்றாங்க’. பொருள்ல ஒரு நூல் இடைவெளிகூட இல்ல. ஆனா ஒண்ணுக்கு மரியாதை. இன்னொண்ணுக்கு "வதந்தி பரப்பினால் கடும் நடவடிக்கை"ன்னு போலீஸ் எச்சரிக்கை. கிரேக்கத்துல ‘மூதோஸ்’ன்னாலும் முதல்ல பேச்சு, சொன்ன சொல்னுதான் அர்த்தம். அது ‘மித்’ஆகி, இன்னிக்கு இங்கிலீஷ்ல ஒரு பக்கம் சாமிக் கதை, இன்னொரு பக்கம் பொய்னு ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. எங்க போஸ்டர்ல இருந்தது ரெண்டாவது. நான் தேடிப் போட்டது முதலாவது. சிரிப்பு வராம என்ன செய்யும்?

ஆனா நம்ம தமிழுக்கு இதெல்லாம் தேவையே இல்லைன்னு கூடச் சொல்லலாம். நம்மகிட்ட ‘ஆம்’ இருக்கு. "வந்தார்"னா நான் பார்த்தேன், இல்ல எனக்கு உறுதியாத் தெரியும். "வந்தாராம்"னா யாரோ சொன்னாங்க, பொறுப்பு என்னுது இல்ல. ஒரே ஒரு விகுதியில ஐதீகம் முழுசும் அடங்கிடுது. இதே வேலைக்கு இங்கிலீஷ்ல ‘அப்பேரன்ட்லி’, ‘இட் இஸ் செட் தட்’னு தனியா ஏதாவது தேட வேண்டியிருக்கு. ஆயா பேசறதைக் கவனிச்சுப் பாருங்க (உங்க வீட்டு ஆயாவையும்தான்). "ஈரத்துணி கட்டுனா எரிச்சல் கொறையுமாம்"னு அந்த ‘ஆம்’ சரியா வந்து உட்காரும். அவங்க அதை உறுதியான உண்மைன்னு என்கிட்ட விக்கவே இல்ல. வந்த வழியை ஒழுங்காச் சொல்லித்தான் குடுத்தாங்க. ‘ஆம்’ஐ வெட்டி எறிஞ்சிட்டுக் ‘கட்டுக்கதை’ன்னு தலைப்புப் போட்டது நான்.

இனி கெமிஸ்ட்ரி. அம்மோனியா தண்ணியில கரையற வேகமும் அளவும் அசாதாரணம். நம்ம ஊர் அறை வெப்பத்துல ஒரு லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட அரை கிலோ அம்மோனியாவை வாங்கிக்கும். ஈரமான கண்ணையும் தொண்டையையும் அது முதல்ல தாக்குறது அதனாலதான். அதே காரணத்தால, நனைச்ச துணி வழியா மூச்சு விட்டா ஒரு பகுதி துணியிலேயே கரைஞ்சுடும். அடர்த்தி கம்மியா இருக்கிறப்போ, தப்பிச்சு ஓடுற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது உதவும். அங்கேயே உட்கார்ந்து தாங்கிக்கிறதுக்கு இல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு ஈரத்துணி ஒண்ணும் பண்ணாது. பெட்ரோல் ஆவிக்கும் அதே கதை. எங்க போஸ்டரோட இங்கிலீஷ் மூலம் எல்லா வாயுவையும் ஒண்ணாப் போட்டு எழுதினது. ஆயா சொன்னது ஒரு குறிப்பிட்ட வாயுவோட அரை நூற்றாண்டு குடித்தனம் பண்ணின ஊரோடது.

இன்னும் ஒரு அவமானம் பாக்கி. வலது பக்கம், ‘உண்மை’ வரிசையில, "அம்மோனியா காற்றை விட லேசானது, மேலே போய்விடும்"னு ஒரு வரி இருந்துச்சு. அது நான் சேர்த்தது. மூலக்கூறு எடை 17, காத்துக்குச் சராசரி 29. பரீட்சைக்குச் சரி. ஆனா ஆலைகள்ல அதைத் திரவமா வெச்சிருப்பாங்க, கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. அது திடீர்னு கசிஞ்சா, சுத்தியிருக்கிற காத்தையும் ஈரத்தையும் குளிர வெச்சு, கனமான வெள்ளைப் புகை மாதிரி தரையோட ஊர்ந்து வரலாம். மேல போயிடும்னு நம்பித் தரையில உட்கார்ந்தவன் கதி? சொன்ன ஆள் பேர் தெரிஞ்ச, டெக்ஸ்ட்புக்ல இருக்கிற ஒண்ணும் இடம் மாறினா ஆளைக் கொல்லும். தெர்மோவுல நான் எடுத்த மார்க்கை இங்கே சொல்ல விரும்பல.

போஸ்டரை மாத்தினோம். இடது பக்கம் ‘சொல்லக் கேட்டது’. வலது பக்கம் ‘சோதித்துப் பார்த்தது’. முதல் வரிசை: "ஈரத்துணி கட்டினா எரிச்சல் குறையுமாம்" / "அம்மோனியாவுக்கு ஓரளவு உதவும், கிளம்பிப் போகும் வரைக்கும் மட்டும். மற்ற வாயுக்களுக்கு நம்ப வேண்டாம்." ரெண்டாவது: "அழுகின முட்டை வாடை நின்னா ஆபத்து போயிடுச்சாம்" / "இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது." கீழே பெரிசா: "காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து வெளியேறுங்கள்."

மறுபடியும் பிரிண்ட், மறுபடியும் ஆயா. இந்தத் தடவை முழுசும் படிச்சாங்க. கடைசி வரியில விரல் நின்னுச்சு.

"காத்துக்குக் குறுக்காலன்னு போட்டுகீற. நடுராத்திரில காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எப்பிடிடி தெரியும்?"

எங்ககிட்ட பதில் இல்ல. நாலு டிபார்ட்மென்ட் சேர்ந்து செஞ்ச போஸ்டர்.

"கம்பெனி உச்சில ராவும் பகலும் நெருப்பு எரியுதே, அத்தப் பாரு. அது எந்தப் பக்கம் சாயுதோ காத்து அந்தப் பக்கம் போவுது. நீ அந்தப் பக்கம் போவாதே. எங்க காலத்துல அப்பிடித்தான் பார்ப்பாங்களாம்."

மூணாவது வரிசையில சேர்த்துட்டோம், ‘ஆம்’ஓட. வலது பக்கம் இப்போதைக்கு எழுதியிருக்கிறது: "சரி."